பத்தொன்பதாம் நாள் பக்கத்தில் ஒரு சாட்சி

பேய், பிசாசு, சகுனம் என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுகிற ஆள். சேலையூரில் இன்வெர்ட்டர், பேட்டரி சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மீட்டரை வைத்தால் முள் அசைய வேண்டும், அசையவில்லையென்றால் கரண்ட் இல்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த தத்துவம். அதனால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் கோபப்பட மாட்டேன், உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் இந்நேரம் டீ சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றியிருப்பேன். இது நடந்தது நடுராத்திரியிலும் இல்லை, சுடுகாட்டிலும் இல்லை. பட்டப்பகல், மதியம் ஒன்றரை மணி, லாரிகள் வரிசையாக ஓடுகிற ஒரகடம் ரோடு.

நானும் பஷீரும் தாம்பரத்திலிருந்து கன்னியாகுமரி வரை சைக்கிளில் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பஷீர் என் பள்ளிக்கூட சிநேகிதன், பல்லாவரத்தில் தோல் பை தைக்கிறவன். பயணக் குறிப்பு எழுதுவதற்கென்று ஒரு நோட்டுக்குத் தோலில் உறை தைத்து, பேனா செருக ஒரு வளையமும் வைத்துக் கொடுத்தவன் அவன்தான். எழுதுவது நான், பச்சை மை பேனாவில். ஆனால் ஒரு சட்டம் வைத்திருந்தோம். ஒவ்வொரு நாள் பக்கத்தின் அடியிலும் 'சாட்சி' என்று போட்டு ஒரு கோடு இழுப்பேன், அவன் பக்கத்தை முழுக்கப் படித்துவிட்டு அந்தக் கோட்டின் மேல் கையெழுத்துப் போடுவான். முன்பொரு தடவை பாண்டிச்சேரி போய் வந்தபோது, பாதி தூரம் பஸ்ஸில் போயிருப்பீர்கள் என்று டீக்கடையில் எல்லோரும் ஓட்டித் தள்ளிவிட்டார்கள், அந்தக் கடுப்பில் வைத்த சட்டம் அது.

பதினெட்டு நாள் ஒழுங்காக நடந்தது. பத்தொன்பதாம் நாள்தான் கடைசி. உத்திரமேரூர் லாட்ஜில் காலையில் டீ வரக் காத்திருந்த நேரத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். வீட்டுக்குப் போனால் ஆளாளுக்குச் சூழ்ந்துகொள்வார்கள், எழுத நேரம் இருக்காது என்று, இன்னும் ஓட்டாத கடைசி நாளையும் அப்போதே எழுதி வைத்துவிட்டேன். 'வாலாஜாபாத் தாண்டினோம். ஒரகடத்தில் மதியச் சாப்பாடு.' அதற்குக் கீழே, ஏதாவது விட்டுப்போனால் சேர்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு வரி இடம் விட்டேன். பிறகு, 'மூன்றரைக்கு பாப்பாவின் ஸ்கூல் வாசலில் நின்றோம், எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.'

பாப்பா என்றால் பஷீரின் மகள், எல்.கே.ஜி. தினமும் போனில் அழுவாள். பள்ளி விடும் நேரத்துக்கு கேட்டில் நிற்கிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். நோட்டை அவனிடம் நீட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"நடக்காததுக்கு நான் சாட்சி போட மாட்டேன் மச்சான். வூட்டுக்குப் போய் போடறேன்."

"ஒரு நாள்தானடா, என்ன ஆயிடப் போவுது?"

"உனக்கு எல்லாமே வெளையாட்டு" என்றான்.

புறப்பட்ட அன்று அவன் ஹேண்டில்பாரில் ஒரு தாயத்து கட்டினான். அதற்கு நான் பத்தொன்பது நாளும் அவனைக் கிண்டல் பண்ணியிருந்தேன், பிரேக் போடுமா, மேடு ஏறுமா என்று. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரகடம் தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தோம். என் இடது முழங்கால் வீங்கியிருந்தது. என் வேகத்தில் போனால் பாப்பாவின் ஸ்கூலுக்கு மூன்றரைக்குள் போய்ச் சேர முடியாது, அதனால் பஷீர் முன்னால் தனியாகப் போய்விடுவது, நான் மெதுவாக வந்து சேர்வது என்று பேச்சு. அவன் கொஞ்சம் தள்ளிப் போய், போனில் மகளிடம் கொஞ்சிக்கொண்டிருந்தான். "அத்தா வந்துட்டேன்டா தங்கம், இன்னும் கொஞ்ச நேரம்தான்." என்னால் சும்மா உட்கார முடியவில்லை, நோட்டை எடுத்துப் பிரித்தேன்.

நான் விட்டிருந்த இரண்டு வரி இடத்தில் எழுத்து இருந்தது. 'இரண்டு மணிக்கு பஷீர் எனக்கு முன்னால் கிளம்பிப் போனான். அதற்குப் பிறகு பஷீர் இல்லை.'

என் கையெழுத்து. என் பச்சை மை. நான் 'ஷீ' போடும்போது மேலே ஒரு சுழி அதிகமாக வரும், அதுவும் அப்படியே வந்திருந்தது. நான் எழுதவில்லை. அம்மா சத்தியமாக எழுதவில்லை. வெயிலில் மண்டை சூடாகிவிட்டது என்று தண்ணீரை எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டு மறுபடி பார்த்தேன். இருந்தது. வாட்சைப் பார்த்தேன், ஒன்று முப்பத்தைந்து.

அவனிடம் காட்டியிருக்க வேண்டும், இதைப் படி, இன்றைக்குத் தனியாகப் போகாதே என்று சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் தாயத்துக்குக் கிண்டல் பண்ணிய அதே வாயால் எப்படிச் சொல்வது? ஊர் போய்ச் சேரும்வரை என்னை ஓட்டுவான், டீக்கடையில் சொல்வான், ஆயுசுக்கும் தீராது. கேவலமான ரோஷம்தான், ஒப்புக்கொள்கிறேன். வேறொரு வழி பண்ணினேன். அவன் முதுகைக் காட்டி நின்றிருந்தபோது, அவன் சைக்கிளின் பின்சக்கர வால்வைத் திருகிக் காற்றை முழுக்க இறக்கிவிட்டேன். எங்கள் இருவருக்கும் இருந்தது ஒரே பம்பு, அது என் பையில். அதை அழுக்குத் துணிக்கு அடியில் திணித்தேன்.

பஷீர் வந்து டயரைப் பார்த்தான். முகம் செத்துப்போய்விட்டது.

"பம்ப எடுடா!"

"லாட்ஜ்லயே விட்டுட்டேன் போல."

"அறிவு கீதா உனக்கு? கொழந்த கேட்டுல நிக்கும்டா!"

அவன் கத்தியது எனக்கு உறைக்கவே இல்லை. இரண்டு மணி தாண்டட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும் என்று வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று நாற்பத்தி நாலு.

அப்போதுதான் அவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும், பழைய சைக்கிள், கேரியரில் பெரிய எவர்சில்வர் டீ கேன், ஹேண்டில்பாரில் பேப்பர் கப்பும் ஒரு வாளியும் தொங்கின. கம்பெனி வாசல்களில் ஷிப்ட் விடும்போது டீ விற்கிறவர். நாங்கள் கூப்பிடவே இல்லை, டயரைப் பார்த்துவிட்டு அவராகவே இறங்கினார்.

"இன்னா சார், பங்க்சரா? குட்ங்க பாப்போம்."

"நீங்க போங்கண்ணா, நாங்க பாத்துக்கறோம்" என்றேன் நான் அவசரமாக.

"நீ சும்மா இருடா" என்றான் பஷீர்.

அவரிடம் பம்பு இருந்தது. டியூபைப் பிரித்து, காற்றடித்து, வாளித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிச் சுற்றிலும் பார்த்தார். ஒரு குமிழி கூட வரவில்லை. பஷீர் ஸ்கூலுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தான், கவனிக்கவில்லை. அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"ஓட்டையே இல்லியே சார். யாரோ காத்த எறக்கி வுட்டுக்கீறாங்க."

நான் குனிந்து வாட்சைப் பார்த்தேன். அவர் டியூபை மாட்ட ஆரம்பித்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தாலாவது பரவாயில்லை என்று இன்றைக்கும் தோன்றும்.

மாட்டி முடிக்கும்போது ஒன்று ஐம்பத்தாறு. பஷீர் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துவிட்டான். "ஒரு டீ குடிச்சுட்டுப் போடா, அண்ணன் இவ்ளோ செஞ்சிருக்காரு" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டேன், கிட்டத்தட்டக் கெஞ்சினேன். அவர் சிரித்துக்கொண்டே இரண்டு கப்பில் ஊற்றினார். இஞ்சி தூக்கலாக, தொண்டையைப் பொசுக்குகிற சூடு. காசு நீட்டியபோது வாங்கவில்லை. என் கேரியரில் கிடந்த நோட்டைப் பார்த்து, "இன்னா நோட்டு இது?" என்றார்.

"போன எடம், பாத்த ஆளு எல்லாம் எழுதி வைக்கிறோம்ணா."

"அப்போ நம்ம டீயும் எழுதிக்கோங்க" என்றார். எழுதுகிறேன் என்று சொன்னேன். அவர் கை முழுக்க கிரீஸ், நோட்டை அவர் தொடவே இல்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

"ரெண்டு மணிக்கு ஷிப்ட் வுட்ருவான் சார், ஏற்கெனவே லேட்டு. வரட்டா?"

ஏறி மிதித்தார். நான் வாட்சைப் பார்த்தேன். சரியாக இரண்டு.

டீ சுடுகிறது, முழங்கால் வலிக்கிறது என்று ஏதேதோ சொல்லி பஷீரை இரண்டு பத்து வரை பிடித்து வைத்தேன். பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே கிளம்பினோம். நம்புங்கள், அந்த நேரம் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா, பாட்டுப் பாடாத குறை. ஒரு கிலோமீட்டர்கூடப் போகவில்லை. வண்டிகள் நின்றிருந்தன. ஒரு கன்டெய்னர் லாரி ரோட்டுக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்தது. ஓரமாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனோம். எவர்சில்வர் கேன் ஒன்று நசுங்கி எங்கள் பக்கமாக உருண்டு வந்திருந்தது. தார் ரோட்டில் டீ ஆவி பறந்துகொண்டிருந்தது.

"யா அல்லாஹ்" என்று பஷீர் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

தாம்பரம் வந்து சேர ஐந்தரை ஆகிவிட்டது. பாப்பாவைப் பாட்டி வீட்டுக்குக் கூட்டிப் போயிருந்தார்கள், அவள் பஷீரோடு இரண்டு நாள் பேசவில்லை. அவன் அவளைக் கட்டிக்கொண்டு, "அந்த டயரு பங்க்சர் ஆவலன்னா அத்தா இல்லடா" என்று சொல்லிச் சொல்லி அழுதான். அல்லாஹ் செய்த பங்க்சர் என்று இப்போதும் எல்லோரிடமும் சொல்கிறான். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் நோட்டைப் பிரித்தேன். அவருடைய டீயை எழுத வேண்டும், வாக்குக் கொடுத்திருந்தேனே. இரண்டு வரி இடம் காலியாக இருந்தது. அழித்த தடம் இல்லை, பேனா அழுந்திய பள்ளம்கூட இல்லை, பின்பக்கம் தடவிப் பார்த்தேன். சரி, வெயில்தான், கண்தான் ஏமாற்றியது என்று மூடப் போனேன். அடியில் சாட்சிக் கோட்டின் மேல் ஒரு கையெழுத்து இருந்தது. பஷீருடையது இல்லை. நீல மை, தமிழில், அதிகம் எழுதிப் பழகாத கை, எழுத்து எழுத்தாக வைத்தது. கோ. ஏழுமலை.

அப்படி யாரையும் எனக்குத் தெரியாது. எங்களிடம் நீல மை பேனாவே கிடையாது. பத்து நாள் கழித்து ஒரு பேட்டரி வேலையாகப் படப்பை போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தார்கள், பாதி கிழிந்திருந்தது. போட்டோவில் அதே முகம், அதே சிரிப்பு. கீழே பெயர், கோ. ஏழுமலை. அதற்கும் கீழே மனைவி பெயர், இரண்டு மகள்கள் பெயர். நான் வண்டியை நிறுத்தி அந்தச் சுவருக்கு முன்னாலேயே வெகுநேரம் நின்றேன்.

காற்றை நான் இறக்காமல் இருந்திருந்தால் அவர் எங்களுக்காக நின்றிருக்க மாட்டார், ஷிப்ட் விடுவதற்கு முன்பே கம்பெனி வாசலில் இருந்திருப்பார். பஷீரைக் காப்பாற்றியதற்கு நான் வருத்தப்படவில்லை. ஆனால் அதைச் சொல்லிவிட்டு என்னால் தூங்கவும் முடியவில்லை.

பஷீர் இன்னமும் கடைக்கு வரும்போதெல்லாம் கேட்கிறான், "கடேசி நாளுக்கு இன்னும் நான் சாட்சி போடலியே மச்சான், நோட்ட எடு" என்று. எங்கேயோ வைத்துவிட்டேன், தேடுகிறேன் என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன். நோட்டு இதோ, இந்த மேஜை டிராயரில்தான் இருக்கிறது, வேண்டுமானால் பாருங்கள். அந்த டீயை நான் இன்னும் எழுதவில்லை, பேனாவைத் திறக்கிறேன், மூடிவிடுகிறேன். பஷீர் கையெழுத்துப் போட அந்தப் பக்கத்தில் இடமும் இல்லை. நான் வால்வைத் திருகியது தெரிந்த ஒரே மனிதர் ஏற்கெனவே போட்டுவிட்டார்.