நூற்று நாற்பத்தொன்றாவது வாசகர்

இது நடந்தது. கோயமுத்தூர் கணபதிப் பகுதியில், தொண்ணூற்றொன்பதாம் வருஷம், ஐப்பசி மழையில் நடந்தது. நம்ப மாட்டேன் என்பவர்கள் இத்தோடு மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போகலாம், எனக்கொன்றும் நஷ்டமில்லை. சம்பந்தப்பட்ட ரங்கநாயகி இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறாள். பொய் சொல்கிற ஆளில்லை. பேய்க்குப் பயந்து திருநீறு பூசிக்கொண்டு படுக்கிற ஆளுமில்லை.

அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. அப்புசாமிக் கவுண்டரின் பம்ப்செட் கம்பெனியில் ஆபீஸ் நிர்வாகம் முழுக்க அவள் கையில். வாய் கொஞ்சம் நீளம். போனில் அவள் குரல் கேட்டாலே டீலர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அந்த வருஷம்தான் கம்பெனிக்கு இன்டர்நெட் வந்தது. முதலாளி மகன் கிருபாசங்கர் அமெரிக்காவில் படித்துவிட்டுத் திரும்பியிருந்தான். வாரம் ஒரு கடிதம் ஈமெயிலில் அனுப்பலாம் என்று அவன்தான் ஆரம்பித்துவைத்தான். டீலர்கள், மோட்டாருக்குக் காயில் சுற்றும் ரீவைண்டிங் கடைக்காரர்கள், பிரவுசிங் சென்டருக்குப் போகிற தோட்டத்து வீட்டுப் பிள்ளைகள் என்று நூற்று நாற்பது முகவரி சேர்ந்தது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து ரங்கநாயகி கடிதம் எழுதுவாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுப்புவாள்.

அனுப்பினால் போதுமா, யார் படிக்கிறார்கள் என்று தெரிய வேண்டாமா? அதற்கும் கிருபாசங்கர் ஒரு வழி வைத்திருந்தான்.

"அக்கா, லெட்டர்ல கண்ணுக்குத் தெரியாத ஒரு பொட்டு வெச்சிருக்கேன். லெட்டரத் தொறந்தாங்கன்னா, மெட்ராஸ்ல நாம வாடகைக்கு எடுத்திருக்கிற கம்ப்யூட்டர்ல இருந்து அந்தப் பொட்டு போகும். போறப்ப யாரு, எப்பன்னு ஒரு வரி பதிவாயிரும்."

"தொறந்தவங்க படிச்சாங்களான்னு எப்படித் தெரியும் தம்பி?"

"தொறந்தாப் படிச்ச மாதிரிதானுங்க்கா."

ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு தனிப் பொட்டு. ஒவ்வொரு வாசகருக்கும் ஒரு எண். ஒன்றிலிருந்து நூற்று நாற்பது வரை. தினமும் சாயங்காலம் மோடத்தில் போன் லைன் பிடித்து அந்தப் பதிவை இறக்கிப் பார்ப்பது ரங்கநாயகிக்குப் பழகிப்போயிற்று. திறக்காதவர்களை விடவும் மாட்டாள். "ஏனுங்க ராசப்பண்ணா, மூணு வாரமா லெட்டரே தொறக்கலீங்களே, உசுரோட இருக்கீங்களா?" என்று போன் போட்டுக் கேட்பாள். பொள்ளாச்சி டீலர் ராசப்பன் அதற்குப் பயந்துகொண்டே வெள்ளிக்கிழமை ராத்திரி பிரவுசிங் சென்டருக்கு ஓடுவார்.

புரட்டாசிக் கடைசியில் ஆனைமலைப் பக்கம் ஒரு தோப்பில் மாசாணம் என்பவர் செத்துப்போனார். கம்பெனி மோட்டாரைத் தொட்டவர், தொட்டபடி விழுந்துவிட்டார். ரங்கநாயகி டெஸ்டிங் பிரிவுக்குப் போய் நின்று அவர் மோட்டார் தயாரான அதே மாதத்து மோட்டார் ஒன்றைப் பிரிக்கச் சொன்னாள். உள்ளே ஒயருக்குப் போட்டிருந்த ரப்பர் மட்டமான சரக்கு. ஈரம் பட்டால் கரண்ட் மோட்டார் பாடிக்கு இறங்கியது.

மாசாணத்தின் மோட்டார் போக, அதே ரப்பரோடு இன்னும் ஐம்பத்தொன்பது மோட்டார் விற்றிருந்தது. மழை வேறு பிடித்துவிட்டது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று ஐம்பத்தொன்பது பேர் தினமும் சுவிட்ச் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரங்கநாயகிக்குச் சோறு இறங்கவில்லை.

கடிதம் எழுதினாள். இன்ன மாதம் தயாரான மோட்டாரைத் தொடாதீர்கள், கொண்டுவந்தால் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று. அதற்கான பொட்டையும் மெட்ராஸ் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுத்தான் முதலாளியிடம் காட்டினாள்.

அப்புசாமி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இத எடுத்துப்போடு அம்மணி."

"ஏனுங்கய்யா?"

"அந்தாளு பியூசுக்குப் பதிலா கம்பியச் சுத்தியிருந்தான்னு போலீசுல எழுதிக் குடுத்தாச்சு. இப்ப நாமளே தப்புன்னா கம்பெனி பேரு என்னத்துக்காகும்?"

"இன்னொரு உசுரு போச்சுன்னா என்னத்துக்கு ஆகுமுங்க?"

"பொங்கல் போகட்டும். சத்தமில்லாம மாத்திக்கலாம். நீ போய் வேலையப் பாரு."

அந்த வெள்ளிக்கிழமை தீபாவளிச் சலுகை பற்றி வேறு கடிதம் போயிற்று. எழுதிய கடிதம் ரங்கநாயகியின் கம்ப்யூட்டரிலேயே கிடந்தது. யாருக்கும் போகவில்லை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் போகவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் பதிவை இறக்கினாள். கடைசியில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. நிறுத்திவைத்த அந்தக் கடிதத்தின் பொட்டு. திறந்த நேரம் ஆறு பத்து. திறந்தவர் எண், நூற்று நாற்பத்தொன்று.

"என்ன தம்பி வெளையாட்டு இது?" என்று கிருபாசங்கரைப் பிடித்தாள்.

அவன் திரையைப் பார்த்தான். மறுபடியும் பார்த்தான். "அனுப்பாத லெட்டர யாருங்க்கா தொறக்க முடியும்? நம்மகிட்ட இருக்கறதே நூத்தி நாப்பதுதானே..." என்றான். அப்புறம் ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

வியாழக்கிழமை அதே ஆறு பத்துக்கு ஆரம்பித்து ஒன்பது தடவை திறந்திருந்தது. கீபோர்டில் ஈரம். கூரை ஒழுகுகிறதா என்று ஏறிட்டுப் பார்த்தாள். ஒழுகவில்லை. இரும்பு மேஜையில் கை வைத்ததும் சுள்ளென்றது. எலக்ட்ரீஷியன் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. அவர் போனபிறகு ரங்கநாயகி தன் டிராயரில் இருந்த டெஸ்டரை எடுத்து வைத்தாள்.

எரிந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. ஐந்தரைக்கு ஷிப்ட் விட்டதும் மழைக்கு முன்னால் வீடு சேர எல்லாரும் ஓடினார்கள். ரங்கநாயகி மட்டும் உட்கார்ந்திருந்தாள். ஆறு மணிக்கு இடி இறங்க ஆரம்பித்தது. ஐப்பசி இடி ஒன்று போதும், மோடம் கருகிவிடும். அதனால் வழக்கம்போல் போன் ஒயரை மோடத்திலிருந்து பிடுங்கினாள்.

கரண்ட் போயிற்று. யு.பி.எஸ். பீப்... பீப்... என்றது. கம்ப்யூட்டர் திரை மட்டும் வெளிச்சம்.

மணி ஆறு பத்து.

கீ... ங்... கர்ர்ர்...

மோடம் பாடியது. லைன் பிடிக்கும்போது வருகிற அதே சத்தம்.

ரங்கநாயகி கையைப் பார்த்தாள். பிடுங்கிய ஒயர் கையில்தான் இருந்தது.

திரையில் ஒரு வரி விழுந்தது. நூற்று நாற்பத்தொன்று.

இன்னொரு வரி.

இன்னொன்று...

ரப்பர் கருகுகிற வாடை வந்தது. அப்புறம் முதுகுக்குப் பின்னால், நாற்காலியை ஒட்டி, ஒரு சத்தம்.

சொட்டு.

சொட்டு...

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பயத்தால் இல்லை என்று இன்றைக்கும் சாதிக்கிறாள். இருந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

"யாரு?"

 வரிகள் மட்டும் விழுந்தன. வேகமாக. திரை நிரம்பி மேலே ஏறியது.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. பேயென்றால் என்ன, அவளுக்கு வாசகர் வாசகர்தான்.

"நீங்க பாட்டுக்குத் தொறந்து தொறந்து பாத்தா ஆச்சுங்களா? படிக்கோணுமல்ல!"

சொன்ன வாயோடு நிறுத்தினாள். திறக்கிறார், மூடுகிறார், மறுபடி திறக்கிறார். படித்தவர் எதற்கு இத்தனை தடவை திறக்க வேண்டும்?

"ஏனுங்க... படிக்கத் தெரியாதுங்களா?"

சொட்டு நின்றது.

 ரங்கநாயகி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "சரி. நானே படிக்கறேன். நல்லாக் கேட்டுக்கோங்க."

படித்தாள். இடி இடித்தபோது நிறுத்தி, இடி ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து படித்தாள். எந்த மாத மோட்டார், எங்கே நம்பர் இருக்கும், தொடாமல் எப்படி மெயினை அணைப்பது, எல்லாம் படித்தாள். முடிக்கும்போது முதலாளி சொன்ன பொங்கல் ஞாபகம் வந்தது. ஆத்திரம் தாளவில்லை. கடிதத்தில் இல்லாததை வாயில் வந்தபடி சொன்னாள்.

"மோட்டார மாத்திக் குடுப்போம். ஆள மாத்திக் குடுக்க எங்ககிட்ட ஸ்டாக் இல்லீங்க!"

மோடம் நின்றது.

வரி விழவில்லை. வாடை இல்லை. மழைச் சத்தம் மட்டும்.

அவள் ஒயரை மோடத்தில் சொருகினாள். இடி இறங்கினால் இறங்கட்டும் என்று லைன் பிடித்தாள். நூற்று நாற்பது பேருக்கும் அந்தக் கடிதத்தை அனுப்பினாள். பிறகு அதே லைனில் முதலாளி வீட்டுக்குப் போன் போட்டாள்.

"ஐயா, அந்த லெட்டர அனுப்பிச்சுப்போட்டேனுங்க."

அந்தப் பக்கம் வந்த வசவை இங்கே எழுத முடியாது. முழுசும் கேட்டுவிட்டு, "வெச்சர்றேனுங்க" என்று ரிசீவரை வைத்தாள்.

குடையை விரித்துக்கொண்டு கேட்டுக்கு வந்தபோது வாட்ச்மேன் யாகூப் எழுந்து நின்றார்.

"அக்கா, அவரு போயிட்டாருங்களா?"

"யாரு பாய்?"

"தொப்பலா நனைஞ்சு ஒருத்தரு வந்தாரே. உங்ககிட்ட ஏதோ சேதி கேக்கோணும்னாரு. பாவமா இருந்துச்சு, உள்ள உட்டேன்."

"எப்ப வந்தாரு?"

"ஆறு மணி சுமாருக்குங்க. இன்னைக்கு மட்டுமில்ல... மூணு நாளா வாராருங்களே."

சனிக்கிழமை காலையில் அப்புசாமி அவளைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார். இரவு இறக்கிய பதிவைக் கையில் வைத்திருந்தார்.

"நூத்தி நாப்பதுல முப்பத்தொண்ணுதான் தொறந்திருக்குது. இந்த முப்பத்தொரு பேருக்காகவா எம் மானத்த வாங்குன?"

"முப்பத்தொரு பேராச்சும் பொழைக்கட்டுமுங்க."

"திங்கக்கெழமெ வந்து கணக்க முடிச்சுட்டுப் போயிரு."

"சரீங்கய்யா."

மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ, அவள் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஆனைமலைக்குப் போனாள். மாசாணத்தின் மனைவி சின்னத்தாயியிடம், "தப்பு உங்கூட்டுக்காரரு மேல இல்லீங்க. எங்க மோட்டார்லதான். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்" என்றாள். சின்னத்தாயி வெகுநேரம் அழுதார். கூட உட்கார்ந்து இவளும் அழுதாள்.

கிளம்பும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவரு படிப்பாருங்களா?"

"ஒரு எழுத்துத் தெரியாதுங்க அம்மணி. பஸ்சு போர்டுகூட ஆரையாச்சும் கேட்டுத்தான் ஏறுவாரு. ஆனா ஒருக்காப் படிச்சுக் காட்டிட்டாப் போதுமுங்க. ஒரு சொல்லு உடாம அத்தன பேருத்துக்கும் போய்ச் சொல்லிப்போடுவாரு."

திங்கட்கிழமை கணக்கு முடிக்கப் போன ரங்கநாயகி கேட்டிலேயே நின்றுவிட்டாள். டெம்போவில், மொபெட்டில், பஸ் கூரையில் கட்டி, ஜனங்கள் மோட்டார்களைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். புதன்கிழமைக்குள் ஐம்பத்தொன்பதும் வந்து சேர்ந்துவிட்டது. பாதிப் பேர் வீட்டில் போனே கிடையாது. ஈமெயில் என்றால் என்ன என்று கேட்டார்கள்.

அப்புசாமி வாசலில் வந்து நின்று பார்த்தார். அவர் கையில் இருந்த பதிவில் அப்போதும் முப்பத்தொன்றுதான் இருந்தது.

"இன்னும் முப்பத்தொண்ணுதானுங்களாய்யா?" என்று கேட்டாள் ரங்கநாயகி. அவர் பதிவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கணக்கு முடிப்பது பற்றி அதற்குப் பிறகு யாரும் பேச்செடுக்கவில்லை.

கடைசியாக வந்தவர் காங்கேயத்துக்கு அந்தப் பக்கத்து விவசாயி. அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துக் கேட்டாள்.

"உங்களுக்கு ஆருங்க சொன்னது?"

"ஆருன்னு தெரியலீங்க. வெள்ளிக்கெழமெ ராத்திரி மழைக்குள்ள வந்தாரு. உள்ள வாங்கன்னேன், வரல. சோத்தாங்கை மட்டும் கரிக்கட்டையாட்டக் கருப்பா இருந்துச்சு. மோட்டாரு நம்பரு எங்க இருக்குது, மெயின எப்படி அணைக்கறதுன்னு கடகடன்னு ஒப்பிச்சாரு. போறப்ப ஒண்ணு சொன்னாரு பாருங்க, அதக் கேட்டுத்தான் மோட்டாரக் கழட்டிப்போட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"மோட்டார மாத்திக் குடுப்போம், ஆள மாத்திக் குடுக்க எங்ககிட்ட ஸ்டாக் இல்லீங்கன்னாரு."

ரங்கநாயகி அந்தக் கடிதத்தை எடுத்து முழுக்க ஒரு தடவை படித்துப் பார்த்தாள். அந்த வரி கடிதத்தில் இல்லை. கரண்ட் போன ஆபீசில், ஆத்திரத்தில், அவள் வாயில் வந்தது. அப்போது அங்கே அவளைத் தவிர யாருமே இல்லை.