தகப்பன்மாரின் வக்கீல்

புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் ரோல்ஸ் பெட்டியைத் திறந்துவிடுவார் தோமஸ். பக்குரங்கா என்ற புறநகரில் சனிக்கிழமை தோறும் கூடும் எங்கள் புலம்பெயர் தமிழ் வாசகர் வட்டத்துக்கு மட்டன் ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவருவது அவரே தலையில் போட்டுக்கொண்ட வேலை. எண்ணெய் விரலோடு பக்கம் புரட்டக் கூடாது என்று கை துடைக்கும் காகிதமும் கொண்டுவருவார். எல்லார் வாயும் நிறைந்தபிறகுதான் தன் கருத்தைச் சொல்லத் தொடங்குவார். அதனால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

மன்னார்க்காரர். விரி என்ற பகுதியில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை தமிழ்த் திருப்பலியில் பைபிள் வாசகம் வாசிப்பவரும் அவர்தான். அந்தக் குரல் சனிக்கிழமையே வந்துவிடும். கதையோ கவிதையோ, வாசித்து முடித்ததும் கோயிலில் சொல்வதுபோலவே நிமிர்ந்து பார்த்து, "ஆண்டவரின் அருள்வாக்கு" என்பார். புருஷனின் கால்சட்டைகளை ஜன்னல் வழியாக வீசுகிற ஒருத்தியைப் பற்றிய கவிதையையும் அப்படித்தான் முடித்தார். "இறைவா உமக்கு நன்றி" என்று பதில் சொல்ல, விபூதி இல்லாமல் வெளியே கிளம்பாத ரவிசங்கர்கூடப் பழகிவிட்டார்.

கொஞ்ச நாளாக நாங்கள் படிப்பது ஒரு சிகானா எழுத்தாளரை. அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த மெக்சிக்க வம்சத்துப் பெண். பெயர் வாயில் நுழையாததால் தோமஸுக்கு அவர் "மெக்சிக்கோ மனுசி". அவருடைய நாவலில் ஒரு தகப்பன் வருகிறான். ஸ்பானிஷில் கேட்டால் மகள் இங்கிலீஷில் பதில் சொல்கிறாள் என்று அவளோடு பேச்சையே நிறுத்திவிடுகிறான். நாங்கள் அவனைத் திட்டித் தீர்த்தோம். தோமஸ் எழுந்து நின்றுவிட்டார்.

"மனுசன் நாள் முழுக்க முறிஞ்சு வேலை செய்துபோட்டு வாறான். வீட்டில கதைக்க ஒரு ஆள் வேண்டாமே? இவ ஒரு பக்கத்தை மட்டும் எழுதி வச்சிருக்கிறா."

"அண்ணா, அந்த அப்பாவையும் அவங்கதானே எழுதியிருக்காங்க!" என்றார் வட்டத்தை நடத்தும் சுந்தரி.

"ஓம், அதைத்தான் பிழையா எழுதிப்போட்டா."

தோமஸ் யாருக்காக வாதாடுகிறார் என்பது எங்களுக்குத் தெரியும். மகள் அனோஜா சண்டை போட்டுக்கொண்டு, நகரத்தின் மறுபக்கம் ஏவன்டேலில் அறை எடுத்துப் போய்விட்டாள். குளிர் தொடங்கியதிலிருந்து இருவரும் பேசுவதில்லை. "வீட்டில எப்பவும் இங்கிலீசுதான். போற அண்டைக்கு மட்டும் நல்ல தமிழில ஏசிப்போட்டுப் போனவள்," என்று ஒருமுறை என்னிடம் சொல்லிவிட்டு, இன்னொரு ரோல்ஸை என் தட்டில் வைத்தார்.

போன சனிக்கிழமை, அதே எழுத்தாளரின், சுந்தரி மொழிபெயர்த்துக் கொண்டுவந்த கவிதையை வாசிக்கும் முறை தோமஸுடையது. ஒரு மகள் தன் தகப்பனுக்குச் சொல்வதுபோல எழுதியது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோயில் குரலில் தொடங்கினார். ரவிசங்கர் சத்தமில்லாமல் இரண்டாவது ரோல்ஸை எடுத்துக்கொண்டார். கடைசி வரிக்கு வந்தபோது தோமஸின் குரல் இறங்கிவிட்டது.

"அப்பா, உங்களோடு சண்டை போடும்போது மட்டும் உங்கள் பாஷை எனக்கு முழுசாக வந்துவிடுகிறது."

நன்றி சொல்ல நாங்கள் தயாராக இருந்தோம். அருள்வாக்கு வரவில்லை.

"எப்படியிருக்கு அண்ணா?" என்று சுந்தரி மெதுவாகக் கேட்டார்.

தோமஸ் கண்ணாடியைக் கழற்றினார். "ஏவன்டேல் பக்கம் இந்த நேரம் மோட்டர்வே நெரிசலா இருக்குமோ?"

ஒருவரும் பதில் சொல்வதற்குள், ரவிசங்கரின் கையில் இன்னும் கடிபடாமல் இருந்த ரோல்ஸை வாங்கிப் பெட்டிக்குள் வைத்து, மூடியை அழுத்திச் சாத்தினார்.