ஏரிக்கரையில் அக்காவின் மரம்

பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்தால் எனக்கு வயிற்றெரிச்சல். எங்கள் ஏரிக்கரைக்கு வந்த ஆபத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். இதை மறைத்துவிட்டு அதைச் சொல்ல முடியாது.

முடிச்சூர் பக்கம் எங்கள் தெரு ஏரிக்கரையில் போய் முடிகிறது. கடைசி இரண்டு வீடுகளில் ஒன்று அவருடையது, ஒன்று என்னுடையது. இரண்டு கொல்லைச் சுவர்களுக்கும் பின்னால் பத்தடி தள்ளிக் கரை எழும்புகிறது. ஏரி நிரம்பினால் தண்ணீர் மட்டம் நம் வீட்டு ஜன்னலுக்கு மேலே நிற்கும் என்று என் கணவர் ஒருமுறை அளந்து பார்த்துச் சொன்னார். அதற்குப் பிறகு நாங்கள் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

2015 வெள்ளத்தில் என் வீட்டில் தண்ணீர் சுவிட்ச் போர்டு வரை ஏறியது. அக்கா வீட்டில் கடைசிப் படியைத் தொட்டுவிட்டு இறங்கிப் போனது. அவர்கள் வீட்டுப் பேஸ்மட்டம் எங்களைவிட உயரம், அவ்வளவுதான் விஷயம். அந்த ஒரு வாரமும் எங்கள் குடும்பம் அவர் வீட்டு மாடியில்தான் இருந்தது. மூன்று வேளையும் அவர்தான் சமைத்துப் போட்டார். ரசம் மிக நன்றாக இருந்தது. அதைக்கூட என்னால் மன்னிக்க முடியவில்லை.

இந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்த காலம் முடிந்துவிட்டது. வயலெல்லாம் மனையாகி, மனையெல்லாம் வீடாகிவிட்டன. இப்போது ஏரி எங்களுக்கு வாக்கிங் போகவும், ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளைப் பெடல் படகில் ஏற்றவும்தான். வெள்ளத்துக்குப் பிறகு கரைமேல் நடைபாதை போட்டார்கள், விளக்கும் பெஞ்சும் வந்தன. காலையில் நடப்பவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்தோம். யாருக்குப் பிறந்தநாளோ அவர் கரைமேல் ஒரு கன்று நட வேண்டும், பிறகு எல்லோருக்கும் கேசரி தர வேண்டும் என்று ஒரு வழக்கம் ஏற்பட்டது. மண்ணால் போட்ட பழைய கரையில் மரம் நடலாமா என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. வங்கி, பள்ளிக்கூடம், ரயில்வே என்று படித்து உத்தியோகம் பார்த்தவர்கள் நிறைந்த குழு அது.

நான் முதல் வருஷம் நட்ட நெல்லியை ஆடு தின்றது. அடுத்த வருஷம் வேம்பு வைத்தேன், வெயிலில் கருகியது. மூன்றாவதாக மகிழம். அதற்கு வேலி கட்டி, தினமும் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றியும் குச்சியாகவே நின்றது. அக்கா ஒரே ஒரு முறைதான் நட்டார், பெருங்கொன்றை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நேர் மேலே. வைத்துவிட்டு மறந்துபோனார் என்றே சொல்லலாம். அது ஐந்தாறு வருஷத்தில் நடைபாதை முழுவதும் நிழல் விரித்து, சித்திரையில் மஞ்சளாகப் பூத்துக் கொட்டியது. அதன் கீழே நின்று போட்டோ எடுக்காதவர்கள் இல்லை. "அக்கா மரத்துக்கிட்ட நிக்கறேன், வா" என்று போனில் இடம் சொல்ல ஆரம்பித்தார்கள். என் மகளே சொன்னாள்.

நான் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் தமிழ் டீச்சர். காலனியின் அறிவிப்புகளையெல்லாம் நான்தான் எழுதுவேன், என் கையெழுத்து அச்சுப் போல இருக்கும் என்பார்கள். அந்தக் கையெழுத்தில் ஒரு மனு எழுதினேன். கிளைகள் விளக்கை மறைக்கின்றன, சாயங்காலம் பெண்கள் நடக்கப் பயப்படுகிறார்கள், மரத்தை அகற்ற வேண்டும் என்று. விளக்கைக் கொஞ்சம் மறைத்தது உண்மைதான். ஒரு கிளையைக் கழித்தால் போதும் என்பதும் எனக்குத் தெரியும். பெயர் போடாமல், நடைப்பயிற்சி செய்வோர் என்று மட்டும் கீழே எழுதி, தெருவிளக்கைப் பார்த்துக்கொள்ளும் உள்ளாட்சி அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன்.

மாதம் முடிவதற்குள் ஆட்கள் வந்து, ஒரு முழ உயரம் அடிமரத்தை மட்டும் விட்டு அறுத்துவிட்டுப் போனார்கள். அக்கா சண்டைக்குப் போகவில்லை. பாதையில் கிடந்த இலையையெல்லாம் அவரே பெருக்கி ஒதுக்கினார். எனக்கு ஒரு வாரம் நன்றாகத் தூக்கம் வந்தது. அதற்குப் பிறகு நடப்பவர்கள் அந்த அடிமரத்தில் உட்கார்ந்து இளைப்பாற ஆரம்பித்தார்கள். அதற்கும் அக்கா மரம் என்றே பெயர். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

நான்கு வருஷம் போயிற்று. போன ஐப்பசியில் விடாமல் மழை பெய்து ஏரி நிரம்பி, கலங்கல் வழியாக உபரித் தண்ணீர் வெளியேறத் தொடங்கிய வாரம், கரையின் அடிவாரத்தில் ஈரம் கண்டேன். இரண்டு கொல்லைச் சுவர்களுக்கும் பின்னால், ஆனால் கொஞ்சம் அவர் பக்கமாக. மழை விட்டு இரண்டு நாளாகியும் அங்கே மட்டும் கால் புதைந்தது. ஏரி என்று எனக்குத் தோன்றவே இல்லை. அக்கா வீட்டு செப்டிக் டேங்க் என்றுதான் தோன்றியது, தோன்றியதும் சந்தோஷமாகவும் இருந்தது. வாக்கிங் குழுவில் நாலு பேர் முன்னால் வைத்தே, கழிவுநீர் எங்கள் பக்கம் வருகிறது, கொஞ்சம் கவனியுங்கள் என்றேன்.

அக்கா முகம் வாடிப்போனது. அன்றே லாரியைக் கூப்பிட்டுத் தொட்டியைக் காலி செய்தார். மூடியைத் திறந்து எனக்குக் காட்டவும் செய்தார், ஒரு விரிசல் இல்லை. இதிலேயே நான்கு நாள் ஓடிவிட்டது. ஐந்தாம் நாள் காலை போய்ப் பார்த்தபோது ஈரம் கசிவாகி, விரல் கனத்துக்குத் தண்ணீர் குமிழியிட்டு வந்துகொண்டிருந்தது. ஒரு மக்கில் பிடித்தேன். டீ நிறத்தில் இருந்தது. வைத்துவிட்டுப் பார்த்தால் அடியில் மண் தங்கியது. இது செப்டிக் டேங்க் இல்லை, ஏரி என்று அப்போதுதான் உறைத்தது. அக்காவைத்தான் கூப்பிட்டேன். அவர்தான் ஏரியைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

ஒரு மணி நேரத்தில் ஒரு பெண் இன்ஜினியர் வந்தார், சின்ன வயசு. என் மக்கைப் பார்த்ததும், மதகைத் திறந்து ஏரி மட்டத்தை இறக்கச் சொல்லி ஆட்களுக்குப் போன் செய்தார். தெளிந்த தண்ணீர் கசிந்தால் கவனித்தால் போதும், மண்ணோடு வந்தால் கரை உள்ளுக்குள்ளே அரித்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம், எந்த நிமிஷமும் உடையலாம் என்றார். பிறகு கரைமேல் ஏறி, நேராக அந்த அடிமரத்திடம் போய்க் காலால் மிதித்தார். உளுத்த பலகை போல உள்ளே இறங்கியது.

மண்கரையில் இவ்வளவு பெரிய மரம் வைத்ததே தப்பு என்றார் அவர். இந்த நிலைமையிலும் என் மனசு ஒரு கணம் குளிர்ந்தது, வைத்தது அக்கா அல்லவா. இன்ஜினியர் நிறுத்தவில்லை.

"வெட்டிட்டு வேரை அப்படியே விட்டது அதைவிடப் பெரிய தப்பு. வேர் மக்கிப் போன இடமெல்லாம் இப்ப குழாய். ஏரித் தண்ணி அது வழியா நேரா உங்க வீட்டுக்குத்தான் வருது. யார் வெட்டச் சொன்னது?"

நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான் சொன்னேன், என் மரம்தானே" என்றார் அக்கா.

அன்று சாயங்காலம் வரை வேலை நடந்தது. கசிவை அடைக்கவில்லை. அடைத்தால் வேறு இடத்தில் பிய்த்துக்கொள்ளுமாம். அதைச் சுற்றி மூட்டை அடுக்கி, மேலே மணலும் ஜல்லியும் கொட்டினார்கள், தண்ணீர் வெளியே வரலாம், மண் வரக்கூடாது என்று. தெருவே நின்று மூட்டை தூக்கியது. நான் தூக்கிய மூட்டையின் மறுமுனையை அக்கா பிடித்திருந்தார். ஐந்து மணி வாக்கில் தண்ணீர் தெளிந்து வந்தது.

சொல்லிவிட வேண்டும் என்று அவர் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் காலில் இருந்த சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்த மரம் விஷயமாக, என்று ஆரம்பித்தேன். அவர் குழாயை மூடினார்.

"வெட்ட வந்தவங்க அன்னிக்கே மனுவைக் காட்டிட்டாங்க டீச்சர். உங்க எழுத்தை எனக்குத் தெரியாதா?"

நான்கு வருஷமாகத் தெரியும். தெரிந்துகொண்டே தினமும் என்னோடு நடந்திருக்கிறார், கேசரி கொடுத்திருக்கிறார், தொட்டி மூடியைத் திறந்து காட்டியிருக்கிறார். நான் அழுதேன். அவர் என்னை அழ விட்டுவிட்டு, அப்புறம் சொன்னார், கரையில் இனி யாரும் மரம் நடக்கூடாது, இருப்பதை ஏரி அலுவலகத்தைக் கேட்காமல் வெட்டவும் கூடாது என்று இன்ஜினியர் போர்டு வைக்கச் சொன்னதாக.

"நீங்களே எழுதிடுங்க. என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். உங்க எழுத்தைப் பார்த்தா எனக்கு எப்பவுமே பொறாமை."

சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, துண்டை எடுத்துக் காலைத் துடைக்க ஆரம்பித்தார்.

மறுநாள் போர்டு எழுதினேன். அந்த மரத்தை வெட்டச் சொல்லி மனுப் போட்டது நான்தான் என்று முதல் வரியாக எழுதி, கீழே என் பெயரும் போட்டேன். எழுத்து எப்போதும் போல அழகாகத்தான் வந்தது. ஆனால் பெயிண்ட் காயும் வரை எதிரே பெஞ்சில் உட்கார்ந்து நான் யோசித்தது ஒன்றைத்தான். பொறாமைப்படுவதில்கூட அந்த அம்மாள் என்னைவிட எவ்வளவு நன்றாகப் பொறாமைப்படுகிறார்.