டாங்கி ஓட்டுபவர் உட்காரும் இடம்

நல்லேப்பிள்ளியில் அறுவடை முடிந்த எங்கள் வயலில் இன்று காலை என் ரிமோட் டாங்கியை ஓட்டிப் பார்த்தேன். சக்கரம் முதல் பீரங்கி வரை எல்லாம் வீட்டு 3டி பிரிண்டரில் அச்சடித்தவை. வரப்பில் ஏற்றிக் கவிழ்ப்பதுதான் வழக்கம்.

பக்கத்து வயல் சரசக்கா புல்லுக்கட்டை இறக்கிவிட்டு வந்தார். அவர் மகன் ராணுவத்தில் டாங்கி ஓட்டுகிறான்.

"ஏந்தம்பி, இதுல ஓட்டறவங்க எங்க உக்காருவாங்க?"

முன்பக்கத்துச் சின்ன மூடியைக் காட்டினேன். "இதுக்குள்ளதானுங்க அக்கா. நெசத்துலயும் பாதி சாஞ்சுதான் உக்காரோணும்."

அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தார். "எம்பையங்கிட்ட கேட்டப்ப, காரு மாதிரித்தான் இருக்கும்னு சொல்லிப்போட்டான்."

ரிமோட்டை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நீயே ஓட்டு கண்ணு. மெதுவா."

வரப்புப் பக்கமே போகாமல், கல் இல்லாத இடமாகப் பார்த்து ஓட்டினேன். அவரும் கூடவே நடந்து வந்தார்.

வீட்டுக்கு வந்ததும், பசை போட்டு ஒட்டியிருந்த அந்த மூடியைக் கத்தியால் நெம்பித் திறந்தேன். உள்ளே பேட்டரியும் வயர்களும்தான்.

ஓட்டுநர் பொம்மை அச்சடிக்க இந்தக் குழுவில் யாரிடமாவது 3டி ஃபைல் இருந்தால் அனுப்புங்கள். சிரித்த முகமாக இருந்தால் நல்லது.