பொட்டு வைத்த டிரோன்

எனக்கு விமான நிலையத்தில் வேலை என்று தெரிந்தால் போதும், எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "டிரோனை எல்லாம் ரெஜிஸ்டர் பண்ணச் சொல்றாங்களே, அதனால பிளேனுக்கு ஏதாச்சும் நல்லதா?" கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்பார்கள், கிளினிக்கில் மருந்துக்குக் காத்திருக்கும்போது கேட்பார்கள். நான் விமானம் ஓட்டுகிறவன் இல்லை. ஓடுபாதையில் வண்டியில் போய், அங்கே கிடக்கிற ஆணி, ரப்பர்த் துண்டு, செத்த கொக்கு இவற்றையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வருகிறவன். ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பும்போது இடுப்பு என்னுடையதாகவே இருக்காது. அந்த அலுப்பில் என்ன பதில் வரும்?

ஆனாலும் ஒன்று வைத்திருந்தேன். ரோட்டில் ஓடுகிற கார், லோரி, மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் நம்பர் இருக்கிறது. என்னை இதுவரை இடித்ததெல்லாம் நம்பர் இருக்கிற வண்டிகள்தான். நம்பர் பிரேக் பிடிக்காது. இடித்துவிட்டுப் போனவன் யார் என்று பிறகு தேட உதவும், அவ்வளவுதான். இதைச் சொன்னால் சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் ரசம் கேட்பார்கள். நானும் அத்தோடு விட்டுவிடுவேன்.

என் மச்சானிடம் மட்டும் அத்தோடு விட முடியவில்லை. மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. பக்கத்து டவுன் லுக்குட்டில் மோட்டார் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவன். என் ஒரே மகளைத் தோளில் சுமந்து வளர்த்ததில் பாதிப் பங்கு அவனுக்கு. அவள் ஆசிரியையாகி, கடல் தாண்டி சரவாக்கில் வேலைக்குப் போனபோது, எங்களைவிட அவன்தான் அதிகம் வாடிப்போனான். எங்கள் செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக் கோயில் திருவிழாவை மேலேயிருந்து படம் பிடித்து அவளுக்கு அனுப்ப வேண்டும் என்பதற்காகத்தான் டிரோனே வாங்கினான்.

வாங்கியதும் சட்டப்படி பதிவு செய்தான். வந்த நம்பரை ஸ்டிக்கராக அடித்து, அதன் வயிற்றில் ஒட்டி, என்னிடம் தூக்கிக்கொண்டு வந்து காட்டினான். எங்கள் ஊர் புக்கிட் பெலண்டோக் பக்கம் டிரோன் வைத்திருந்த வேறு யாரும் இந்த வேலை பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

"ரெஜிஸ்டர் பண்ணியாச்சு மாமா. இனிமே யாரும் ஒன்னும் கேக்க முடியாது."

"டேய், ரெஜிஸ்டர் பண்ணா பறக்க விடலாம்னு அர்த்தம் இல்ல. இது பிளேன் இறங்குற வழி. இங்க விடணும்னா தனியா பெர்மிட் வாங்கணும்."

"நான் என்ன மேகத்துக்கா விடப்போறேன்? கொடிமரத்து உசரந்தான் லா. செம்பனை மரத்த தாண்டாது."

எங்கள் வீட்டு வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால், சக்கரத்தை நீட்டிக்கொண்டு போகிற விமானத்தின் அடிவயிறு தெரியும். அதைப் பார்த்தபடிதான் இதைச் சொன்னான். நான் மறுபடியும் சொன்னேன், அவன் மறுபடியும் நம்பரைக் காட்டினான். பதிவு என்று ஒன்று இல்லாமலிருந்தால் இவன் பயந்து பயந்தாவது விட்டிருப்பான் என்று எனக்குத் தோன்றியது. இப்போது கையில் நம்பர் இருக்கிறது, பயம் போய்விட்டது.

தீமிதி நாள் காலையில் டிரோனைக் கோயிலுக்குக் கொண்டு போனோம். எங்கள் ஆட்களுக்குச் சைக்கிள் வாங்கினாலும் சாமி முன்னால் வைக்காமல் மனசு ஆறாது. புது வண்டிக்குச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவதுதானே வழக்கம்? பூசாரி டிரோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சக்கரமே இல்லயேப்பா. பழத்த எங்க வைக்கிறது?"

"பழம் வேணாம் சாமி, பொட்டு வச்சிடுங்க. முன்னால கண்ணு இருக்கு பாருங்க, அது கேமரா, அத மட்டும் தொட்றாதீங்க. அடியில ரெண்டு சின்னக் கண்ணு இருக்கு, அங்க வைங்க."

பூசாரி குழைத்த சந்தனத்தை அந்த இரண்டு கண்ணிலும் கட்டை விரலால் அழுத்தி அப்பி, மேலே குங்குமம் வைத்தார். கற்பூரம் காட்டினார். மச்சான் கன்னத்தில் போட்டுக்கொண்டான். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் நானும் கும்பிட்டேன். பிறகு மதிய ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

மகள் அன்று வருவதாக இருந்தது. டிக்கெட் சாயங்காலத்துக்குத்தான் கிடைத்தது. தீமிதியைப் பார்க்க முடியாது, அன்னதானத்துக்காவது வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். வெயில் தாழ்ந்த நேரத்தில் நான் ஓடுபாதைக்குப் பக்கத்தில் வண்டியில் இருந்தேன். இறங்கி வந்த ஒரு விமானத்தின் பைலட், செம்பனைக் காட்டுக்கு மேலே ஏதோ ஒன்று நிற்பதைப் பார்த்ததாக ரேடியோவில் சொன்னார். பறவை இல்லை, டிரோன் மாதிரி இருந்தது என்றார். அடுத்து இறங்க வேண்டிய விமானங்களை மேலேயே நிறுத்தி வைத்தார்கள். சுற்றிக்கொண்டிருந்தவற்றில் என் மகளுடைய விமானமும் ஒன்று.

என் சூப்பர்வைசர் மலாய்க்காரர், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். "பதிவு பண்ணாத எவனோ ஒருத்தன் வேலை அண்ணே," என்று மலாயில் சலித்துக்கொண்டார். பைலட் சொன்ன திசையை மறுபடியும் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். அந்தப் பக்கம்தான் எங்கள் தோட்டத்துக் கோயில். சொன்னால் மச்சான் மாட்டுவான். சொல்லாவிட்டால் மகள் மேலே சுற்றிக்கொண்டிருப்பாள், அவளோடு ஒரு விமானம் நிறைய ஜனம். பெரிய தர்மசங்கடம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். பயந்துவிட்டேன், சொல்லிவிட்டேன். கோயில் இருக்கிற இடம், மச்சான் பெயர், எல்லாவற்றையும்.

"பதிவு பண்ணியிருக்காரா? நம்பர் என்ன?" என்று சூப்பர்வைசர் கேட்டார்.

நம்பர் டிரோனின் வயிற்றில் இருந்தது. டிரோன் வானத்தில் இருந்தது.

மச்சானுக்குப் போன் அடித்தேன், போகவில்லை. டிரோன் விடும்போது அவன் போன்தான் அதற்குத் திரை. யாரும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக் கூடாதென்று எல்லாவற்றையும் அடைத்து வைத்திருப்பான். மனைவிக்கு அடித்தேன். அன்னதானக் கூடத்தில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க? உறுமி சத்தத்துல ஒன்னுமே கேக்கல."

"உன் தம்பிகிட்ட ஓடு. அவன் டிரோன் மேல போயிருச்சு. நம்ம பிள்ள பிளேன் இறங்க முடியாம சுத்துது."

போனை அணைக்காமலே ஓடினாள். உறுமி, மூச்சிரைப்பு, யாரோ அருள் வந்து கத்துவது, எல்லாம் என் காதில் விழுந்தன. பிறகு மச்சானின் குரல் கேட்டது. அழுகிற நிலையில் இருந்தான்.

"மாமா, இறங்க மாட்டேங்குது. நான் கீழ அழுத்த அழுத்த அது மேல போவுது. என்னன்னே தெரியல."

"எங்க நிக்குது இப்ப? ஆளுங்க மேலயா?"

"இல்ல, செம்பனை மேல. அங்க யாரும் இல்ல."

"மோட்டார நிறுத்திடு."

"நிறுத்துனா அப்படியே விழுந்துரும் மாமா."

"விழட்டும்டா. பிள்ள மேல இருக்கா."

உறுமி மட்டும் கேட்டது. பிறகு, "விழுந்துருச்சு," என்றான்.

அதை நான் சூப்பர்வைசரிடம் சொன்னேன், அவர் கண்ட்ரோல் டவருக்குச் சொன்னார். வேறு எதுவும் பறக்கவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு ஒவ்வொன்றாக இறக்கினார்கள். என் மகள் வந்த விமானம் தரையைத் தொட்டபோது நான் வண்டிக்குள் உட்கார்ந்து அழுதேன். சூப்பர்வைசர் பார்க்காத மாதிரி வெளியே இறங்கி நின்றுகொண்டார்.

மறுநாள் மச்சானும் நானும் செம்பனைக் காட்டுக்குள் தேடினோம். வெட்டிப் போட்ட மட்டைகளுக்கு நடுவில் கிடந்தது. இறக்கைகள் ஒடிந்துவிட்டன. அடிவயிற்றில் சந்தனம் மட்டும் காய்ந்து, கல் மாதிரி அப்படியே இருந்தது. அவன் அதைத் திருப்பிப் பிடித்து எனக்குக் காட்டினான்.

"இது தரையப் பாக்குற கண்ணு மாமா. இதுல சந்தனத்த அப்பிட்டோம். தரை கிட்டக்க இருக்குன்னு நெனச்சு, இடிச்சிரக் கூடாதுன்னு மேல போயிருக்கு."

"பறக்க விடறதுக்கு முன்னால தொடச்சிருக்கலாமேடா."

"சாமி வச்ச பொட்ட எப்படித் தொடைக்கிறது?"

நானாக இருந்தாலும் துடைத்திருக்க மாட்டேன். எந்தச் சட்டம் எழுதுகிறவருக்கும் இது தோன்றியிருக்காது.

விசாரணைக்கு வந்தவர்கள் வயிற்றிலிருந்த நம்பரைப் படம் எடுத்துக்கொண்டார்கள். பதிவு இருந்ததால் வேலை சுலபமாகிவிட்டது என்று ஒருவர் பாராட்டுகிற மாதிரியே சொன்னார். பொய்யில்லை. அபராதம் போட்டார்கள், இனி பறக்க விடக் கூடாது என்று எழுதி வாங்கினார்கள். நம்பரே ஒட்டாமல் வைத்திருந்தவர்கள் கொஞ்ச நாள் டிரோனை அலமாரிக்குள் வைத்தார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை திடல் பக்கம் அந்த ரீங்காரம் மறுபடியும் கேட்டது. யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. நானும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அலுப்பாக இருந்தது, உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.

லீவு முடிந்து மகளை மச்சானும் நானும்தான் விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டோம். அவளுக்கு எல்லாம் தெரியும். போகும்போது மாமனின் கையைப் பிடித்து, "வேற நல்லதா வாங்கித் தரேன் மாமா, ஆனா கடல் பக்கம் போய் விடுங்க," என்றாள். அவன் சிரித்தான்.

திரும்பும் வழியில் அவன்தான் காரை ஓட்டினான். இரண்டு பக்கமும் செம்பனை. எங்களுக்கு மேலே ஒரு விமானம் சக்கரத்தை நீட்டிக்கொண்டு தாழ்ந்து போனது. இத்தனை நாளாக மனசில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு மேல நம்ம பிள்ள இல்லன்னு வச்சிக்க. ஆபீசர் யாரோ போன் பண்ணி நிறுத்துன்னு சொல்லியிருந்தா, நிறுத்தியிருப்பியா?"

அவன் வேகத்தைக் குறைத்தான். விமானம் செம்பனைக்குப் பின்னால் மறைகிறவரை அதைப் பார்த்தபடியே ஓட்டினான்.

"பேட்டரி தீர்ற வரைக்கும் பாப்போம்னு நெனச்சிருப்பேன் மாமா," என்றான்.