தவறணை முடக்கில் நான் ஓட்டிய மோட்டார்சைக்கிள்

ஏழு வயதில் மோட்டார்சைக்கிள் ஓட்டிய பெண்பிள்ளை எங்கள் கடற்கரை ஊரான தாழ்வுபாட்டில் நான் ஒருத்திதான். "கியருக்கு உன்ர கால் எட்டுமோ?" என்று பெரியம்மாவின் மகன் கேட்டான். அவனுக்குப் பொறாமை.

அப்பா கடலால் வந்த கையோடு கள்ளுத் தவறணைக்குப் போவார். பிறகு வீட்டில் சட்டி பானை பறக்கும். ஒருநாள் காலை கை நடுங்கி, வலை தைக்கும் ஊசியைப் பிடிக்க முடியாமல் போனதும், "என்னாலை தனியக் குடியை விட ஏலாது. எங்கையாவது கூட்டிக்கொண்டு போ," என்று அப்பாவே அம்மாவிடம் சொன்னார்.

அம்மா எங்கள் இருவரையும் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே உளவளத்துணை செய்யும் இளம் பெண் ஒருவர் இருந்தார். அவர் ஏசவில்லை, புத்தி சொல்லவுமில்லை.

"எந்த இடத்திலை குடிக்கோணும் எண்டு வருது, அண்ணா?"

"தவறணைக்குத் திரும்புற முடக்கிலை, மிஸ். ஹாண்டில் தன்ர பாட்டிலை திரும்புது."

"அப்ப அந்த முடக்கிலை தனிய வராதேங்கோ."

அடுத்த கிழமை அம்மாவுக்குக் கருவாட்டு வேலை. அப்பாவோடு ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகும் பதவி எனக்குக் கிடைத்தது! அப்பாவின் மோட்டார்சைக்கிளில், அவருக்கு முன்னால், பெற்றோல் தாங்கியின் மேல் ராணி மாதிரி இருந்தேன். முடக்குக்குக் கிட்டப் போனதும் அப்பா வேகத்தைக் குறைத்து, என் கைகளை எடுத்து ஹாண்டிலில் வைத்தார்.

"பிள்ளை, இனி நீ ஓட்டு. நேரை போ. நான் திருப்பச் சொன்னாலும் திருப்பாதை."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ரோட்டில் நின்ற கழுதைகள்கூட எனக்குத்தான் வழிவிட்டன என்று நினைத்தேன். தவறணை வாசலில் நின்ற ஒருவர், "வாவன் மச்சான்!" என்று கூப்பிட்டார். என் கைக்கு மேலிருந்த அப்பாவின் கை இடப்பக்கம் இழுத்தது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன்.

"அப்பா, நேரை!" என்று கத்தினேன்.

நேரே போனோம். அப்பாவின் சட்டை வியர்வையில் தொப்பலாய் நனைந்திருந்தது. எனக்கு ஓட்டத் தெரியாதென்று பயந்துவிட்டார் போலும்.

கிழமைதோறும் இப்படித்தான். இடையில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது அப்பா தனியே போய்க் குடிவெறியில் திரும்பினார். அம்மா அழுதார். அந்த மிஸ்ஸோ திரும்பவும் வரச் சொன்னாராம். திரும்பவும் போனோம், திரும்பவும் நான் ஓட்டினேன்.

ஒருநாள் முடக்கு வந்தது, அப்பா வேகத்தைக் குறைக்கவில்லை. தானே ஓட்டினார். தவறணை பின்னால் போயே விட்டது. ஹாண்டிலைத் தரச்சொல்லி நான் கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். அவர் என்னவோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அழுதுகொண்டு ஓடிப்போய் அம்மாவிடம் கோள் சொன்னேன். "அப்பா இண்டைக்கு ஹாண்டிலைத் தரேல்லை! தானே ஓட்டினவர்!"

அம்மாவின் கையிலிருந்த மீன் கீழே விழுந்தது. "உண்மையாவோ? தரவே இல்லையோ?"

"ஓம்!"

செதில் ஒட்டிய கைகளோடு என்னைக் கட்டிப்பிடித்தார். பிறகு ஓடிப்போய் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினார். நான் முறைப்பாடு சொல்கிறேன், அம்மா சிரிக்கிறார், அழுகிறார், அப்பாவுக்கு மீன் பொரிக்கிறார். இருவருமாகச் சேர்ந்து எனக்கு அநியாயம் செய்துவிட்டார்கள் என்றுதான் வெகுகாலம் நம்பியிருந்தேன்.