சத்தம் போடாத டப்பா

கம்பெனியில் அவருக்குக் காஜாக்காரர் என்று பெயர். சட்டைக்குப் பொத்தான் துளை போடுவதில் கை படு சுத்தம். ஆள்தான் சரியான பயந்தாங்கொள்ளி. எச்.ஐ.வி. மருந்தை இலவசமாய்த் தருகிற ஆஸ்பத்திரி வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறது. இவரோ மாதம் ஒரு நாள் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத ஊருக்குப் போய் வாங்கி வருவார். மிஷின் சாமான் வாங்கப் போவதாக மனைவியிடம் ஒரு பொய்.

டப்பாவோடு பஸ் ஏறினால், உள்ளே மாத்திரை கிலுகிலுத்து ஊரைக் கூட்டும். அதற்காகக் கட்டிங் மேஜைக்கடியில் கிடக்கும் துண்டுத் துணியைத் திணித்து அதன் வாயை அடைத்து வைத்திருந்தார்.

தன் வாயையும் அப்படித்தான் அடைத்துக்கொண்டார். நோய் தெரிந்த அன்றே ஆலோசகர் அம்மா ஆணுறைப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, "வீட்டுக்காரம்மாவைக் கூட்டிட்டு வாங்க, அவங்களுக்கும் டெஸ்ட் பண்ணணும். இது இல்லாம பக்கத்துல போகாதீங்க" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தவர், பொட்டலத்தைப் பஸ் ஸ்டாண்டுக் குப்பைத்தொட்டியில் போட்டார். பதினாறு வருஷக் குடித்தனத்தில் இல்லாத உறை இப்போது எதற்கு என்று அவள் கேட்டுவிட்டால்? அந்த ஒரு கேள்விக்குப் பயந்து மூன்று மாதம் அவளோடு உறையில்லாமலே படுத்தார். தெரியாமல் செய்தால் தப்பு என்று சொல்லிக்கொள்ளலாம், தெரிந்தே செய்ததற்கு என்ன பெயர்? நினைக்கும்போதெல்லாம் உடம்பு கூசியது. பிறகு முதுகுவலி என்று சொல்லி, இந்த ஒரு வருஷமாய்த் தனியே படுத்தார். நடந்தது நடந்ததுதானே.

இந்த மாதம் ஆஸ்பத்திரியில், மீதி மாத்திரை எத்தனை என்று பார்க்க நர்ஸ் டப்பாவைத் திறந்தார். உள்ளிருந்து நாலு ஓரமும் மடித்துத் தைத்த வெள்ளைத் துணி வந்தது. "அட, யாருங்க இவ்வளவு அழகா தைச்சது?" என்றார் நர்ஸ். காஜாக்காரர் துணியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். கம்பெனிச் சட்டைகளுக்கு வீட்டிலிருந்தே ஓரம் மடித்துத் தருகிறவள் அவர் மனைவி. அந்தப் பொடித் தையல் அவருக்கா தெரியாது?

வீட்டில் அவள் மடியில் சட்டையோடு உட்கார்ந்திருந்தாள்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"எட்டு மாசமாச்சு. எண்ணெய் டின்னுக்குப் பின்னால டப்பாவப் பாத்தேன். ஒரு மாத்திரைய எடுத்துட்டுப் போய் ஆஸ்பத்திரியில கேட்டேன். நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன், சொல்ற மாதிரி தெரியல. அதான் இன்னிக்குக் காலைல துணிய மாத்தி வச்சேன்."

"நீ... டெஸ்ட்டு?"

"ரெண்டு தடவை எடுத்தாச்சு. எனக்கு ஒண்ணும் இல்லைங்க."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் ஊசியில் நூல் கோத்தபடி சொன்னாள்: "முடிவு வர்ற வரைக்கும் பெஞ்சுல தனியா உக்காந்திருந்தேன். துணைக்கு வீட்டுக்காரர் வரலையான்னு நர்ஸம்மா கேட்டாங்க. அவருக்கு முதுகுவலின்னு சொன்னேன்."